ஐந்தருவிக் கடையில் மூன்று நாடுகள்

“உங்களுக்கு எந்த நாடு வேணும்?”

ஜெபமணி அக்கா இப்படிக் கேட்டதும் எதிரே நின்ற மலையாளத்துக்காரர் திகைத்துப்போனார். ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையில் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுப்புமாக வந்தவர். காரில் போட்டுவைக்க ஒரு ஸ்பேனர் கேட்டார், அவ்வளவுதான். கடைக்காரி கேட்ட கேள்வியோ பாஸ்போர்ட் ஆபீஸ் கேள்வி மாதிரி இருந்தது.

“ஜெர்மன் உண்டோ, சேச்சி?”

“ஜெர்மனி இல்லாமலா கடை வச்சிருக்கேன்? இந்தா!” அக்கா இடது பக்கத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். சாரலில் நனைந்த இரும்பு பளபளத்தது. மனிதர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

அடுத்து ஒரு வேன் டிரைவர் வந்தார். அவருக்கு ஜப்பான்தான் வேண்டுமாம். நடுத்தட்டு. அவருக்குப் பின்னால் ஈரக் கால்சட்டையோடு வந்த ஒருவர் அமெரிக்கா இருக்கிறதா என்று கேட்டார். வலது தட்டு.

கூட்டம் கலைந்ததும் அக்கா பெஞ்சுக்கு அடியில் கிடந்த சாக்கை இழுத்தார். ஒரே ஒரு சாக்கு. அதிலிருந்து ஸ்பேனரும் பிளேயருமாக இரண்டு கையாலும் அள்ளி, கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி, மூன்று தட்டிலும் போட்டார்.

“அக்கா, மூணும் ஒரே சாக்குதானா?”

“மேல ஒரே தண்ணிதான தம்பி வருது? அது பாறையில விழுந்து பிரிஞ்சா அஞ்சருவின்னு பேரு வச்சு பஸ்சு விடுதாவ. நான் மூணு தட்டு வச்சா மட்டும் குத்தமா?”

புத்தகம் படித்து வளர்ந்தவனில்லை நான். தென்காசியில் சின்னதாக ஒரு இரும்புக்கடை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன். நல்ல பேச்சு கிடைத்தால் சில்லறையைக்கூட மறந்துவிடுவேன். அன்றைக்கும் வந்த காரியத்தை மறந்துதான் நின்றேன்.

வந்த காரியம் இதுதான். அக்காவின் கடையை எங்கள் இரும்புக்கடைச் சங்கத்துக்காரர்கள் தூக்கப்போகிறார்கள். அதை முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தேன்.

சொன்னேன். அக்கா கை நின்றது.

“தூக்கிட்டா நான் எங்கன போவேன்? சீசன் முடிஞ்சா பையத் தூக்கிட்டு சந்தை சந்தையாத்தான் அலையுதேன். போன தடவ திருவேங்கடத்துல ஒருத்தன் ஸ்பேனரக் கையில வாங்கிப் பாத்துட்டு, ‘மழையும் இல்ல, மோட்டாரும் ஓடல, இத வச்சு நான் எதக் கழத்த?’ன்னு கேக்கான். சாரல் விழுந்து, சனம் குளிக்க வந்தாத்தான் தம்பி வீட்டுல ஒல கொதிக்கும்.”

### ஜெர்மனி என்றால் தரம்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் ஆணி வியாபாரத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கீழப்பாவூரிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். “உங்க சங்கத்துல தீர்மானம் போடுததத் தவிர வேற என்னதான் செய்வீக?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தீர்மானம் போட்டதும் டீ குடிப்போம்.

ஆனால் ஒரே ஒரு தடவை, போட்ட தீர்மானத்தை நிறைவேற்றவும் கிளம்பிவிட்டோம். அந்தக் கதைதான் இது.

எல்லைப் பக்கம் ஏதோ தகராறு என்று டிவிக்காரர்கள் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்த சமயம். எங்கள் இரும்புக்கடைக்காரர் சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். இனி அந்நியச் சாமான் விற்பதில்லை, உள்நாட்டுச் சாமானையே ஆதரிப்பது, விற்கிற கடைகளைப் பரிசோதித்து நடவடிக்கை எடுப்பது என்று தீர்மானம்.

அதை வாசித்தவர் தலைவர் ஆறுமுகநயினார் அண்ணாச்சி. அவரைத் தெரியாதவர்கள் அவருடைய சட்டையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அது எப்போதும் இடது பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். மற்றவர்கள் பேனா வைக்கிற பையில் அவர் ஒரு கட்டிங் பிளேயர் வைத்திருப்பார். சிவப்பு ரப்பர் உறை போட்ட கைப்பிடி. தூத்துக்குடியில் கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கினாராம். அசல் ஜெர்மனி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது வரும். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பாயசம் குடித்து முடிப்பதற்குள் அந்தப் பிளேயரின் வரலாற்றைக் கேட்டு முடித்திருப்பார்.

கூட்டத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். “அண்ணாச்சி, அப்ப உங்க பிளேயரு?” என்று கேட்டுவிட்டேன்.

“ஏலே முருகையா, அந்நியம்னா சீனா. ஜெர்மனின்னா தரம். தரத்துக்கு ஏதுலே நாடு?”

எல்லோரும் கை தட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நானும் தட்டினேன். தட்டின கையோடு என்னையும் பரிசோதனைக் குழுவில் போட்டுவிட்டார்கள். குழு என்றால் அண்ணாச்சி, நான், பொருளாளர் பால்ராஜ். பால்ராஜுக்கு ஒரே வேலைதான், எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்து சங்கத்தின் வாட்ஸப் குரூப்பில் போடுவது.

எந்த நாட்டுச் சாமான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு அண்ணாச்சியிடம் ஒரு முறை இருந்தது. ஸ்பேனரை நூலில் கட்டித் தொங்கவிட்டு, இன்னொரு ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவார். கண்ணை மூடிக்கொள்வார். ‘டிங்ங்ங்’ என்று சத்தம் இழுத்துக்கொண்டே போனால் ஜெர்மனி. ‘டிங்’ என்று மரியாதையாக நின்றால் ஜப்பான். ‘டக்’ என்று செத்தால் சீனா. மண்பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்க்கிற மாதிரிதான்.

நம் நாட்டு இரும்பு என்ன சத்தம் போடும் என்று மட்டும் அவர் சொன்னதில்லை. உள்நாட்டுச் சாமானை ஆதரிக்கக் கிளம்பிய நாங்களும் அதைக் கேட்கவில்லை.

பரிசோதனைக்கு முதல் பெயராக அவர் எடுத்தது ஐந்தருவி ஜெபமணியின் பெயரை. அந்த சீசன் கடைகள் நிற்கிற தோப்பு அண்ணாச்சியின் சம்பந்தியுடையது. அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் அந்த இடத்தில் கடை இருக்காது, பஜ்ஜிச் சட்டி இருக்கும்.

### ஸ்டிக்கருக்குக் கீழே ஸ்டிக்கர்

குழுவில் போட்டுவிட்டார்களே, நாமும் நாலு விஷயம் தெரிந்துகொள்வோம் என்று என் கடைச் சாமானிலேயே ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

முதலில் பார்கோடு. அட்டையில் கோடு கோடாக இருக்கிறதே, அதற்குக் கீழே உள்ள முதல் மூன்று எண்ணைப் பார்த்தால் எந்த நாட்டில் செய்தது என்று தெரிந்துவிடும் என வாட்ஸப்பில் வந்திருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கடையில் இருப்பதெல்லாம் தீர்ந்து, வீட்டுச் சமையலறைக்குள்ளும் போய்விட்டேன். “சீரகப் பாக்கெட்டு எந்த நாடுன்னு தெரிஞ்சாத்தான் ரசம் எறங்குமோ?” என்றாள் என் மனைவி. கடைசியில், கடைக்கு ஆர்டர் எடுக்க வந்த ஒரு கம்பெனி ரெப் சிரித்தார். அந்த எண், கம்பெனி எந்த நாட்டில் கோடு வாங்கிப் பதிந்தது என்றுதான் சொல்லுமாம். சாமான் எங்கே செய்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

அடுத்தது ஸ்டிக்கர். ஒரு ரிங் ஸ்பேனர் பெட்டியில் ‘ஜெர்மன் தொழில்நுட்பம்’ என்று ஆங்கிலத்தில் போட்டு, ஒரு கழுகுப் படம். வெந்நீரில் நனைத்து மெதுவாக உரித்தேன். கீழே இன்னொரு ஸ்டிக்கர், ‘ஜப்பான் தரம்’. அதையும் உரித்தேன். கீழே டெல்லிச் சந்து ஒன்றின் முகவரி, பாதி அழிந்திருந்தது. ஸ்பேனரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், கைப்பிடியின் நடுவில் எழுத்து இருந்த இடத்தை கிரைண்டரில் தேய்த்த தழும்பு. பிறந்த ஊரைக் கேட்டால் பேச்சை மாற்றுகிற மனிதர்கள் உண்டே, அந்த மாதிரி.

சென்னை மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன். “இது எங்கய்யா செஞ்சது?” என்றேன்.

“நீங்க எந்த நாடுன்னு எதிர்பாக்கிறீங்க சார்?”

ஐந்தருவியில் ஜெபமணி அக்கா கேட்ட அதே கேள்வி. சென்னையில் ஏசி அறைக்குள் இருந்து கேட்டால் அதற்கு வியாபாரம் என்று பெயர்.

அந்த ரெப்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அட்டையை நம்பாதீர்கள், மையில் அடித்ததையும் நம்பாதீர்கள். இரும்பு பழுக்கக் காய்ந்து அச்சில் அடிபடும்போது அதோடு சேர்ந்து புடைத்து வருகிற எழுத்து இருக்கிறதே, அது ஒன்றுதான் நிஜம். மற்றதெல்லாம் பிறகு சூட்டிய பெயர்.

“அப்படி எழுத்து இருந்தா தடவினாலே தெரியும் சார். ஆனா பாதிச் சாமான்ல அத ரப்பர் உறைக்குள்ள ஒளிச்சுருவாங்க” என்றார்.

### விமானம் ஏறிய திருப்புளி

இந்த இடத்தில் என் மச்சானைச் சொல்லாமல் மேலே போனால் வீட்டில் சோறு கிடைக்காது.

மச்சானுக்குத் துபாயில் வேலை. ஒரு தடவை வந்தபோது எல்லோருக்கும் சாமான் கொண்டுவந்தார். எனக்கு ஒரு திருப்புளி செட், அதாவது ஸ்க்ரூ டிரைவர்கள். இரும்புக்கடைக்காரனுக்குத் திருப்புளி கொண்டுவந்த ஒரே மனிதர் அவர்தான். வெல்வெட் துணி விரித்த பெட்டிக்குள் திருப்புளிகள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. ஊதுபத்தியும் பெட்ரோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை. என் மனைவி அதை முகர்ந்துவிட்டு, “இதாங்க ஃபாரின் வாசன” என்றாள்.

பெட்டியின் அடியில், பொடி எழுத்தில், இந்தியாவில் தயாரித்தது என்று போட்டிருந்தது. பஞ்சாப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரும் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் பலவும் அந்தப் பக்கம் சாமான் செய்யச் சொல்லி, தங்கள் பெயரைப் போட்டு, தங்கள் பெட்டியில் வைத்து விற்கின்றன என்பது எனக்கு அப்போது தெரியாது. மச்சானிடம் காட்டினேன். அவர் அசரவில்லை.

“மாப்ள, இங்கன விக்கிற இந்தியச் சாமானும் அங்கன விக்கிற இந்தியச் சாமானும் ஒண்ணாவுமா? இது பிளேன்ல ஏறி இறங்கிருக்குல்லா?”

இதைவிடத் தெளிவாக இறக்குமதி வியாபாரத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை. அந்தத் திருப்புளி இன்னும் என்னிடம் இருக்கிறது. உண்மையிலேயே நல்ல திருப்புளி. அதுதான் வயிற்றெரிச்சல்.

### முதலில் குளியல்

சரி, குழு கிளம்பிய நாளுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குற்றாலத்துக்கு எந்தக் காரியமாகப் போனாலும் முதலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் காரியம். பத்திரம் பதியப் போனாலும், துக்கம் கேட்கப் போனாலும் அப்படித்தான். சாரல் முகத்தில் அடிக்கும்போது குளிக்காமல் வருகிறவனை ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரிசோதனைக் குழுவுக்கு மட்டும் தனிச் சட்டமா?

அண்ணாச்சி பலகையில் குப்புறப் படுத்து, தேய்க்கிறவரிடம், “நல்லா ஊறத் தேய்யும் வே, ஒரு நடவடிக்கைக்குப் போறோம்” என்றார். எண்ணெய் ஆறாக ஓடியது. பிறகு அருவிக்குள் போய் நின்றார். பிளேயர் என் கையில் பத்திரமாக இருந்தது. அருவி அடித்தும் எண்ணெய் முழுசாகப் போகவில்லை. உடம்பும் கையும் மினுமினுத்தபடியே வேட்டி கட்டி, சட்டை போட்டு, பிளேயரைப் பையில் செருகிக்கொண்டு புறப்பட்டார். பால்ராஜ் போனைத் தூக்கிப் பிடித்தார்.

ஜெபமணி அக்கா எழுந்து நின்று கும்பிட்டார். “வாங்க அண்ணாச்சி. குளிச்சீகளா? தண்ணி நல்லா விழுதா?”

“அதெல்லாம் இருக்கட்டும். சாமான எடு.”

இடது தட்டிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து நூலில் கட்டினார். தொங்கவிட்டார். கண்ணை மூடினார். தட்டினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

எப்படிக் கேட்கும்? கூப்பிடு தூரத்தில் ஐந்தருவி கொட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதையே காதில் கையை வைத்துக் கேட்கவேண்டிய இடம். அண்ணாச்சி ஸ்பேனரைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடியும் தட்டினார். மூன்றாவது தடவை காதிலேயே தட்டிக்கொண்டார்.

“என்ன அண்ணாச்சி,” என்றார் அக்கா, “அருவியக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுவமா?”

சுற்றி நின்று வேடிக்கை பார்த்த ஈரக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு மட்டும் அருவி இரைச்சலுக்கு மேலே தெளிவாகக் கேட்டது. அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது.

“சத்தமே வரல. சத்தம் வராத இரும்பு சீனா இரும்பு. ஏலே பால்ராஜி, பிடிச்சியா? கடையக் காலி பண்ணச் சொல்லி என் சம்பந்திக்குப் போனப் போடு.”

அக்கா சிரிப்பு நின்றது. இரண்டு கையையும் தட்டுகளின் மேல் விரித்து வைத்துக்கொண்டார், யாரோ அப்போதே அள்ளிக்கொண்டு போகப்போகிற மாதிரி.

“கேக்காத சத்தத்துக்கு எங்கடையத் தூக்குதீகளே அண்ணாச்சி. உங்க ஜெர்மனியத் தட்டுங்க, அது மட்டும் இந்த எரச்சல்ல கேக்குதான்னு பாப்போம்.”

“இதத் தட்டிப் பாக்கக் கூடாது. வெட்டிப் பாக்கணும்.” அண்ணாச்சி பிளேயரை உருவினார். “தரம்னா என்னன்னு தெரிஞ்சுக்கோ.”

புதுசாக வந்திருந்த சாக்கு ஒன்றின் வாயைக் கெட்டிக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. அண்ணாச்சி அதில் பிளேயரை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, முழு பலத்தோடு இழுத்தார்.

எண்ணெய்க் கை. ரப்பர் உறைக்குள்ளும் எண்ணெய் இறங்கியிருக்க வேண்டும். சிவப்பு உறை ஒன்று வழவழவென்று கழன்று கையோடு வந்தது. அண்ணாச்சி பின்பக்கமாகப் போய்ச் சேற்றில் ‘சொத்’தென்று உட்கார்ந்தார். பிளேயர் சாக்கின் மேல் விழுந்தது.

### பெருவிரலுக்குக் கீழே

அக்கா குனிந்து அதை எடுத்தார். நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். இத்தனை வருஷமாக வெளிச்சமே படாத கைப்பிடி. அதில் எழுத்து. ஸ்டிக்கர் இல்லை, மை இல்லை. இரும்போடு சேர்ந்து புடைத்து வந்த ஆங்கில எழுத்து.

இந்தியா.

நியாயப்படி அங்கே மேளம் கொட்டியிருக்க வேண்டும். உள்நாட்டுச் சாமானை ஆதரிக்கச் சொன்ன தலைவர், இத்தனை காலமும் உள்நாட்டுச் சாமானைத்தான் நெஞ்சோடு வைத்துச் சுமந்திருக்கிறார்! இதைவிடப் பெரிய வெற்றி எந்தத் தீர்மானத்துக்குக் கிடைக்கும்? ஆனால் அண்ணாச்சி சேற்றில் உட்கார்ந்தபடி பார்த்த பார்வை, தன் வீட்டுப் பத்திரத்தில் வேறொருத்தர் பெயரைப் பார்த்தவரின் பார்வை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுத்து நேராகத் தெரிந்தது. படித்துவிட்டார்.

பால்ராஜ் போனை நீட்டிக்கொண்டு வந்தார். “என்னமோ எழுதிருக்கே, என்னக்கா அது? கேமராவுக்குக் காட்டுங்க.”

அக்கா காட்டியிருக்கலாம். கையைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும், குரூப்பே பார்த்திருக்கும். அண்ணாச்சி அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் வாயைத் திறந்திருக்க முடியாது.

அக்கா பெருவிரலை எழுத்தின் மேல் வைத்தார்.

“என்ன போட்டிருக்கும்? அண்ணாச்சி சொன்ன நாடுதான் போட்டிருக்கு.”

உறையை அண்ணாச்சி கையிலிருந்து வாங்கி, முந்தானையால் உள்ளும் புறமும் துடைத்து, கைப்பிடியில் மாட்டி, பெஞ்சில் ஒரு தட்டு தட்டி ஏற்றினார். “இந்தாங்க அண்ணாச்சி. எண்ணெய்க் கைல பிடிச்சா எந்த நாடும் வழுக்கத்தான் செய்யும்.”

அண்ணாச்சி எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். பிளேயரைப் பையில் வைத்தார். அதே ஸ்பேனரை எடுத்து, மறுபடியும் நூலில் தொங்கவிட்டு, ஒரு தட்டு தட்டினார். அருவி கொஞ்சமும் குறையாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்.

“கேக்குது” என்றார்.

“எந்த நாடு அண்ணாச்சி?” என்றார் பால்ராஜ்.

“நம்ம நாடுதாம்லே. நல்லாத் தெளிவாக் கேக்குது.”

நான் ஸ்பேனரைப் பார்த்தேன். அதன் கைப்பிடி நடுவிலும் கிரைண்டர் தழும்பு இருந்தது. அது எங்கே பிறந்தது என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சென்னை வியாபாரிக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டால் நம்மைத்தான் கேட்பார்.

சங்கத்தின் பலகை அன்றைக்கே கடையில் ஏறியது. ‘இங்கு உள்நாட்டுப் பொருட்கள் மட்டுமே விற்கப்படும்.’ அதைக் கட்டக் கம்பி வெட்டும்போது அண்ணாச்சி பிளேயரை வெளியே எடுக்கவில்லை. அக்காவின் தட்டிலிருந்து வேறொரு பிளேயரை எடுத்துத்தான் வெட்டினார். நன்றாகவே வெட்டியது.

அடுத்த சீசனில் போனேன். சாரல் அப்படியே முகத்தில் அடித்தது. பலகை அப்படியே தொங்கியது. அதற்குக் கீழே ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா தட்டுகளும் அப்படியே இருந்தன.

“என்னக்கா இது? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு?”

“அது சங்கத்துக்கு. இது சனத்துக்கு.” அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “நேத்து உங்க அண்ணாச்சி வந்திருந்தாவ, தனியா. அவுக பிளேயர்ல உறை நிக்கவே மாட்டேங்குதாம். டேப்பு சுத்திச் சுத்திப் பாத்துட்டாவளாம். புதுசா ஒண்ணு வேணும்னாவ. நானும் எல்லாரையும் கேக்க மாதிரி, எந்த நாடு வேணும்னு கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“இந்தப் பக்கம் பாத்தாவ, அந்தப் பக்கம் பாத்தாவ. ‘ரப்பரு கழறாத நாடாப் பாத்துக் குடு, ஜெபமணி’ன்னாவ.”

“எந்தத் தட்டுலேர்ந்து குடுத்தீக?”

“சாக்குலேர்ந்தே எடுத்துக் குடுத்துட்டேன் தம்பி. அவுகளுக்கு எதுக்குத் தட்டு?”